காலி வண்டியின் எடை

எடை மேடை ஆபரேட்டருக்கும் எனக்கும் ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் செய்ததைக் கேள்விப்பட்டவர்கள் எனக்கு ஏதோ தங்கமான மனசு என்று நினைத்துக்கொண்டு பாராட்டுகிறார்கள். தங்கமும் இல்லை, தகரமும் இல்லை. அந்த ஆளைக் கண்டால் எனக்குப் பிடிக்காது. அவருக்கும் என்னைக் கண்டால் பிடிக்காது. அந்த ஒரு விஷயத்தில் எங்களுக்குள் கருத்து வேறுபாடே இருந்ததில்லை.

திருவொற்றியூரில், எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டி ஒரு யார்டு. கப்பலில் வந்து இறங்கும் பழைய இரும்பு அங்கே மலை மலையாகக் கிடக்கும். அங்கிருந்து டிரெய்லரில் ஏற்றி உருக்காலைகளுக்கு அனுப்புவார்கள். வெளியே போகிற ஒவ்வொரு வண்டியும் கேட்டருகே உள்ள எடை மேடையில் ஏறி நின்று சீட்டு வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். அந்த மேடைக்குப் பக்கத்து அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவர்தான் ஆபரேட்டர். அந்தக் கம்ப்யூட்டரில் எடையைப் பதிந்து சீட்டு அடித்துக் கொடுக்கும் ப்ரோகிராம் எங்கள் கம்பெனியுடையது. தண்டையார்பேட்டையில் கேஸ் ஸ்டவ் ரிப்பேர் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். அந்த ப்ரோகிராமில் பாதிக்கு மேல் நான் எழுதியது.

ப்ரோகிராம் நின்றுபோனால் அவர் எனக்குத்தான் போன் செய்வார். ஹலோ எல்லாம் கிடையாது.

"இன்னாமா லேப்டாப்பு, உன் பொட்டி மண்டையப் போட்டுச்சு. ரோடு வரிக்கும் வண்டி நிக்குது. நீ அங்க ஏசில குந்திகினு இன்னா பண்ணிகினு கீற?"

எங்கள் ஆபீஸில் ஏசி ரிப்பேராகி இரண்டு கோடை போய்விட்டது. அதைச் சொன்னாலும் நம்ப மாட்டார். அவருடைய அறையில் அனல் மின் நிலையச் சாம்பலும் இரும்புத் தூசியும் படிந்து மாதத்துக்கு ஒரு கீபோர்டு சாகும். மூடி வையுங்கள் என்று ஒரு பிளாஸ்டிக் உறை வாங்கிக் கொடுத்தேன். அடுத்த முறை போனபோது அந்த உறைக்குள் அவருடைய சாப்பாட்டு டப்பா பத்திரமாக இருந்தது, கீபோர்டு மேல் டீ கிளாஸ் இருந்தது. யார்டு முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அது ஆபரேட்டர் காதுக்கு எட்டியது. அன்றிலிருந்து என் பேரே லேப்டாப்புதான், அதுவும் டிரைவர்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

இனி இன்னொரு ஆளைச் சொல்ல வேண்டும். எங்கள் டீம் லீட். தென்சென்னையிலிருந்து காரில் வருபவர். வந்த முதல் மீட்டிங்கில், வேலை எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டார். "முடிஞ்சிகினே கீது சார்" என்று வாய் தவறி வந்துவிட்டது. நான் பிறந்தது ராயபுரம். வேறு எப்படி வரும்? அவர் சிரித்தார். சிரித்ததோடு விட்டிருக்கலாம். அன்று முழுவதும் "முடிஞ்சிகினே கீதா?" என்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டு நடந்தார். அதற்கப்புறம் அவரிடம் நான் செய்தி வாசிப்பவர் மாதிரிதான் பேசினேன்.

ஆனால் அவர் சொன்ன ஒரு விஷயம் சரி. அதுதான் எனக்கு இன்றுவரை எரிச்சல்.

ப்ரோகிராம் ஒன்றுதான். ஆனால் யார்டுக்கு யார்டு வழக்கம் வேறு. அதனால் ஒவ்வொரு யார்டுக்கும் ஒரு பிராஞ்ச் வைத்திருந்தோம். பிராஞ்ச் என்பது, கிட் என்ற மென்பொருள் பிரித்து வைத்துக் காக்கும், அதே ப்ரோகிராமின் தனி நகல். ஒன்றில் கை வைத்தால் மற்றொன்று அசையாது. எதை மாற்றினாலும் மாற்றுவதற்கு முந்தைய நிலையும் உள்ளே பத்திரமாக இருக்கும், கேட்டால் அப்படியே எடுத்துக் கொடுக்கும். ஒவ்வொரு பிராஞ்சுக்குள்ளும் அந்த யார்டுக்கே உரிய செட்டிங் ஃபைல் ஒன்று உண்டு. இதில் தொல்லை என்னவென்றால், ஒரு பிழையைத் திருத்த வேண்டுமானால் எல்லா பிராஞ்சிலும் தனித்தனியாகத் திருத்த வேண்டும். நாங்கள் அப்படித்தான் மாரடித்துக்கொண்டிருந்தோம். லீட் வந்து, இது கேவலம், எல்லாவற்றையும் ஒரே பிராஞ்சாக மெர்ஜ் செய்துவிடலாம் என்றார். செய்ய வேண்டியதுதான்.

"முதலில் செட்டிங் ஃபைல்களைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மெர்ஜ் செய்வோம், சார். ஒவ்வொரு யார்டின் காலி எடையும் அதற்குள்தான் இருக்கிறது" என்றேன், செய்தி வாசிக்கும் குரலில்.

"அதெல்லாம் நான் பாத்துக்கறேங்க. கிட் எனக்குப் புதுசா?" என்றார்.

காலி எடை என்றால் என்ன என்று இங்கே சொல்லிவிட வேண்டும். முறையாகச் செய்தால் ஒவ்வொரு வண்டியையும் காலியாக ஒரு தடவை, லோடோடு ஒரு தடவை நிறுத்து, இரண்டையும் கழித்து இரும்பின் எடையைச் சொல்ல வேண்டும். திருவொற்றியூர் யார்டில் அதற்கு யாருக்கும் பொறுமை கிடையாது. முதலாளி தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், அண்ணாச்சி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். தன் டிரெய்லர்களை ஒரே கம்பெனியில், ஒரே மாதிரியாக, மொத்தமாக வாங்கியவர். "எல்லாம் ஒரே வயித்துப் பிள்ளைய. தனித்தனியா என்னத்துக்கு நிறுக்கணும்?" என்பார். அதனால் அவருடைய டிரெய்லரின் காலி எடையைச் செட்டிங்கில் ஒரே தடவை எழுதி வைத்துவிட்டோம். லோடு வண்டி மேடையில் ஏறியதும் ப்ரோகிராம் அந்த எடையைத் தானே கழித்துக்கொள்ளும். எங்கள் ப்ரோகிராம் ஓடும் இன்னொரு யார்டான எண்ணூரிலும் இதே வழக்கம்தான். ஆனால் அங்கே ஓடுபவை பழைய டிரெய்லர்கள், ஒவ்வொன்றும் அரை டன் கூடுதல் கனம்.

லீட் மெர்ஜ் செய்தார். இரண்டு பிராஞ்சிலும் ஒரே வரியில் வேறு வேறு எண் இருந்தால், எது வேண்டும் என்று கிட் நின்று கேட்கும். கேட்டிருக்கும். அவர் பார்க்காமலே ஒரு பக்கத்தை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒத்துக்கொண்டிருக்கிறார். எண்ணூரின் காலி எடை திருவொற்றியூருக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து யார்டை விட்டு வெளியே போன ஒவ்வொரு லோடிலும் அரை டன் இரும்பு கணக்கில் காணாமல் போனது. இரும்பு வண்டியில்தான் இருந்தது. சீட்டில் மட்டும் இல்லை.

இது எதுவும் அப்போது எனக்குத் தெரியாது. மெர்ஜ் முடிந்ததும் என்னை வேறு வேலையில் போட்டுவிட்டார். அண்ணாச்சிக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: துறைமுகத்திலிருந்து வந்த இரும்பு இவ்வளவு, விற்றது இவ்வளவு, நடுவில் ஒரு பெரிய ஓட்டை. எடை மேடையில் ஒரு பழைய திருட்டு வழக்கம் உண்டு. வண்டியின் பின்சக்கரம் ஒன்றை மேடைக்குச் சற்று வெளியே நிறுத்தச் சொன்னால் எடை குறைவாகக் காட்டும். குறைவான எடைக்குச் சீட்டு போட்டுவிட்டு, வாங்குகிறவனிடம் பங்கு வாங்கிக்கொள்ளலாம். அண்ணாச்சியின் சந்தேகம் நேராக ஆபரேட்டர் மேல் போனது. கம்ப்யூட்டர் மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அது எதற்குத் திருடப் போகிறது?

எங்கள் ஆபீஸுக்குப் போன் செய்து, போன எடைகளையெல்லாம் மொத்தமாக எடுத்துத் தரச் சொன்னார் அண்ணாச்சி. காரணத்தையும் சொன்னார். பேசியது லீட்.

லீட் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிட்டார், அறிவுக்குக் குறைச்சல் இல்லை. ஒரு வரியில் சரியான எண்ணைப் போட்டு, கேட் கம்ப்யூட்டருக்கும் அனுப்பிவிட்டு, வாயை மூடிக்கொண்டார். அது ஒரு திங்கட்கிழமை. அண்ணாச்சி எடை மேடைக்கு நேர் மேலே கேமரா மாட்டியதும் அதே திங்கட்கிழமை.

அவ்வளவுதான், ஆபரேட்டரின் கதை முடிந்தது. கேமரா வந்த அன்றே எடை சரியாகிவிட்டது. ஊரில் ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள், நானும்தான். டிரைவர்கள் மேடையில் ஏறும்போதே "ஒத்தச் சக்கரம்! சீட்டப் போடு" என்று கத்தினார்களாம். இருபது வருஷமாக அந்தக் கேட்டில் உட்கார்ந்த ஆள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாவியை ஒப்படைத்துவிட்டு, அண்ணாச்சியோடு போலீஸ் ஸ்டேஷனுக்கு வர வேண்டும் என்று பேச்சாகியிருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் வேறு ஏதோ வேலைக்காக ப்ரோகிராமின் வரிகளைத் திறந்தேன். திங்கட்கிழமை தேதியில் லீட் பேரில் ஒரே ஒரு வரி மாற்றம். என்ன மாற்றினோம் என்று சொல்ல ஒரு குறிப்பு எழுத வேண்டும். "சின்ன சுத்தம்" என்று எழுதியிருந்தார். மாறியிருந்த வரி திருவொற்றியூரின் காலி எடை. முதலில் எனக்குப் புரியவில்லை. முந்தைய எண்ணைத் தேடிப் பார்த்தேன், அது எண்ணூருடையது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறேன், கண்ணால் பார்த்தது அன்றுதான்.

எழுந்து அவர் மேஜைக்குப் போனேன்.

"திருவொற்றியூர் காலி எடை தப்பா இருந்திருக்கு, சார்."

"சரி பண்ணியாச்சு, இல்ல? விடுங்க."

"அண்ணாச்சிக்குச் சொன்னீங்களா?"

"எதுக்கு? இருக்கற கான்ட்ராக்ட்டும் போறதுக்கா?"

"அந்த ஆபரேட்டரை இன்னிக்குப் போலீஸ்ல கொடுக்கப் போறாங்க, சார்."

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இது இல்லன்னா வேற ஏதாவது பண்ணியிருப்பான். அந்த ஏரியா ஆளுங்களப் பத்தி உங்களுக்குத் தெரியாதா..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். நான் எந்த ஏரியா என்பது அப்போதுதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

உண்மையைச் சொல்கிறேன். ஆபரேட்டர் மேல் இரக்கப்பட்டு நான் கிளம்பவில்லை. இந்த லீட்டின் மூக்கை உடைக்காமல் சோறு இறங்காது என்றுதான் கிளம்பினேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்? பையை எடுத்துக்கொண்டு படியிறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்தேன். வழியெல்லாம் லீட்டுக்குச் சொல்ல வேண்டிய பதில்களை எங்கள் ராயபுரத் தமிழில் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் கூடையை மடியில் இழுத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார்.

நான் போனபோது ஆபரேட்டர் எடை மேடை அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஷேவ் செய்யாத முகம். சாப்பாட்டு டப்பா கையில். அறைக்குள் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார்.

"வாமா லேப்டாப்பு. நீயும் வேடிக்க பாக்க வந்துகினியா?" என்றார் ஆபரேட்டர்.

"கொஞ்ச நேரம் வாய மூடிகினு இருணா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். "அண்ணாச்சி, உங்க டிரெய்லர் ஒண்ணு காலியா வேணும். மேடைல ஏத்தி நிக்க வைக்கணும்."

"எதுக்கும்மா இப்ப? லோடு வண்டி லைன்ல நிக்குல்லா?"

"ஏத்துங்க, சொல்றேன்."

அவர் முகம் சுளித்தார். ஆனாலும் ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினார். ஒரு காலி டிரெய்லர் வந்து மேடையில் ஏறியது. "கீழ எறங்கிப் பாருங்க. எல்லாச் சக்கரமும் மேடை மேல இருக்கா?" என்றேன். அண்ணாச்சியே இறங்கிப்போய் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். எல்லாம் மேடைக்குள்தான் இருந்தது. திரையில் இரும்பின் எடை என்ற இடத்தில் பூஜ்யம்.

"காலி வண்டிலா? பூஜ்யந்தான் காட்டும். இதுல என்னம்மா இருக்கு?"

"கொஞ்சம் இருங்க."

கேட் கம்ப்யூட்டருக்குள்ளேயே ப்ரோகிராமின் எல்லா நிலைகளும் இருக்கும். திங்கட்கிழமைக்கு முந்தைய நிலைக்கு அதைத் திருப்பினேன். ஒரே ஒரு வரி அடித்தால் போதும். பிறகு ப்ரோகிராமை மூடித் திறந்தேன். வண்டி அசையவில்லை, சக்கரம் அசையவில்லை, ஆபரேட்டர் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. திரையில் எடை மைனஸில் காட்டியது. அரை டன், மைனஸ்.

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பப் பார்த்தார்.

"காலி வண்டிலேர்ந்து அரை டன் இரும்ப எவன் திருடுவான், அண்ணாச்சி?" என்றேன். "லோடு வண்டி ஏறுனாலும் இப்படித்தான் அரை டன் கொறச்சிக் காட்டியிருக்கும். உங்க வண்டிக்கு எண்ணூர் வண்டியோட எடையக் கழிச்சிருக்குது. எங்க ப்ரோகிராம்ல தப்பு."

அவர் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். திரும்ப இன்றைய நிலைக்குக் கொண்டுவரச் சொன்னார். கொண்டுவந்தேன். பூஜ்யம். மறுபடியும் பழையதைக் காட்டச் சொன்னார். மைனஸ். இதற்குள் ஜன்னலில் டிரைவர்கள் தலைகள் சேர்ந்துவிட்டன. அண்ணாச்சி போனை எடுத்து லீட்டைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்தார்.

"தம்பி, எடையில ஏதும் கோளாறு உண்டாய்யா?"

நான் போய்ச் சொல்லிவிட்டேன் என்று லீட் ஊகித்திருப்பார் போலிருக்கிறது. முந்திக்கொண்டார். "இப்போ எல்லாம் பர்ஃபெக்ட் சார்! மெர்ஜ் பண்ணப்ப ஒரு சின்ன செட்டிங் பிரச்சனை. நாங்களே கண்டுபிடிச்சு திங்கக்கிழமையே சரி பண்ணிட்டோம். நீங்க கவலையே படாதீங்க. உங்க கஷ்டம் எங்க கஷ்டம் சார்."

"திங்கக்கெழமையேவா?"

"ஆமா சார். உடனே பண்ணிட்டோம்."

அண்ணாச்சி போனை அணைத்தார். ஜன்னலில் ஒரு டிரைவர் பச்சையாக ஒரு வார்த்தை சொன்னார். அதை இங்கே எழுத முடியாது, ஆனால் பொருத்தமான வார்த்தை. எனக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. வந்த வேலை முடிந்தது, மூக்கு உடைந்தது, அதுவும் அவர் வாயாலேயே. அந்த நிமிஷம் வரை ஆபரேட்டர் என்று ஒரு ஆள் அங்கே நிற்பதே என் நினைப்பில் இல்லை.

"சரி, விடுப்பா. தப்பு நடந்துபோச்சு" என்றார் அண்ணாச்சி, ஆபரேட்டரைப் பாதிதான் பார்த்து. "போலீஸும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். போ, போயி ஒஞ் சீட்ல இரி. லைன் ரொம்ப நீண்டு போச்சு."

ஆபரேட்டர் உள்ளே வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை. சாப்பாட்டு டப்பாவையும் கீழே வைக்கவில்லை. கம்ப்யூட்டர் திரையைக் குனிந்து பார்த்தார். அதில் இன்னும் மைனஸ் நின்றுகொண்டிருந்தது.

"இப்ப இன்னா பண்ண நீ?" என்று என்னிடம் கேட்டார். குரல் வழக்கம்போல இல்லை, மெதுவாக இருந்தது.

"பழைய செட்டிங்க காட்டுனேன்ணா. மாத்திட்டா சரியாப்பூடும்."

"மாத்து."

மாற்றினேன். பூஜ்யம் வந்தது.

"நான் ஒண்ணியும் தொடல."

"இல்லணா. நீ ஒண்ணும் தொடல."

"நாலு நாளா வூட்டாண்ட எவனும் மூஞ்சி குட்து பேசல. எம் பொண்ணு ஸ்கூலுக்குப் போவ மாட்டேன்னு குந்திகினா. எம் பொஞ்சாதி இருக்காளே, கட்னவ, அவ கேக்குறா, 'எடுத்தியா, சொல்லிடு, எங்கிட்ட மட்டும் சொல்லிடு'ன்னு." அண்ணாச்சியை அவர் பார்க்கவே இல்லை. என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். "சரி. இன்னிக்கி நீ வந்து ஒரு பட்டனத் தட்டுன, நான் திருடன் இல்ல. நாளிக்கி அங்க குந்திகினு வேற எவனோ இன்னொரு தபா தட்டுனா, நான் இன்னொரு தபா திருடனா?"

ஷேர் ஆட்டோவில் வரும்போது அத்தனை பதில் தயார் செய்திருந்தேன். அவை எல்லாம் லீட்டுக்கானவை. அப்படியெல்லாம் ஆகாது, இனிமேல் கவனமாக இருப்போம் என்று சொல்லலாம். லீட்டாக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பார், அதுவும் அழகாக.

"ஆமாணா" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். மேஜையின் மேலிருந்த டீ கிளாஸை எடுத்து, மிச்சத்தை ஜன்னலுக்கு வெளியே கொட்டி, டப்பாவோடு பையில் வைத்துக்கொண்டார். சாவிக்கொத்தைக் கீபோர்டு மேல் போட்டார். "உக்காருப்பா, எங்க போற? வேல போகலன்னு சொல்லிட்டம்லா!" என்று அண்ணாச்சி எழுந்து வாசல் வரைக்கும் வந்தார். ஆபரேட்டர் மேடையில் நின்ற காலி டிரெய்லரைச் சுற்றிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனார். பின்னால் நின்ற லோடு வண்டிகள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. சீட்டுப் போட ஆள் இல்லாததால், அன்று சாயங்காலம் வரை அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்து போட்டேன்.